குமிழி ஓடுகிறது, இரை மீன் ஏன் சாகிறது?

தூண்டிலுக்குப் போகிறவர்கள் தூக்கிக்கொண்டு வரும் தொட்டிகளில் பெரும்பாலும் இதே கதைதான். ஏர் பம்ப் ஓடுகிறது, குமிழி பொங்குகிறது, உள்ளே தூண்டிலில் கோக்க உயிரோடு கொண்டுவந்த இரை மீன் ஒவ்வொன்றாக மல்லாந்து கிடக்கிறது. "காத்து பத்தலையோ, இன்னொரு பம்ப் போடட்டுமா?" என்பார்கள். மீன் நோய் பார்ப்பது என் வேலை. பம்பைப் பார்க்கும் முன் தண்ணீரில் விரலை விடுவேன். வெதுவெதுப்பாக இருந்தால் பாதிக் காரணம் அங்கேயே கிடைத்துவிடும்.

20 டிகிரி நன்னீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான், அதற்கு மேல் எவ்வளவு காற்றை ஊதினாலும் ஏறாது. ஆனால் அந்தச் சூட்டில் மீனுக்கு மூச்சுத் தேவை ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடும். அதனால் தொட்டியை நிழலில் வையுங்கள், பாட்டிலில் தண்ணீரை உறைய வைத்து மூடியோடு மிதக்கவிடுங்கள். ஐஸ் கட்டியை நேரடியாகப் போட்டால் அது குழாய்த் தண்ணீரில் செய்ததென்றால் அதிலுள்ள குளோரினும் சேர்ந்து கரையும், சூடும் சட்டென்று இறங்கி மீன் அதிர்ந்துபோகும்.

அடுத்தது அம்மோனியா, இதைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மீன் தன் நைட்ரஜன் கழிவில் பெரும்பகுதியைச் செவுள் வழியாக அம்மோனியாவாக விடுகிறது, ஆற்றில் அது அடித்துக்கொண்டு போய்விடும், பக்கெட்டில் எங்கே போகும்? பம்ப் அதை வெளியேற்றாது. இன்னொன்று, காற்றூட்டும்போது கார்பன் டை ஆக்சைடு வெளியேறி தண்ணீரின் பிஎச், அதாவது அமில-காரத் தன்மையைச் சொல்லும் அளவு, ஏறும். பிஎச் 7-லிருந்து 8-க்குப் போனால் அம்மோனியாவின் நச்சு வடிவம் கிட்டத்தட்ட பத்து மடங்காகும். மேலே நுரை கட்டி உடையாமல் நின்றால் தண்ணீர் கெட்டுவிட்டது என்று அர்த்தம், மூன்றில் ஒரு பங்கையாவது மாற்றுங்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் தீனி போடாதீர்கள், வயிறு காலியாக இருந்தால் கழிவும் குறையும். செத்த மீனை உடனே எடுத்துவிடுங்கள்.

மாற்றும் தண்ணீர் குழாய்த் தண்ணீர் என்றால் கவனம். நானே ஒருமுறை அவசரத்தில் அப்படியே ஊற்றி அரைமணி நேரத்தில் மொத்தத்தையும் இழந்திருக்கிறேன், படித்தவன் செய்கிற வேலையா அது! சாதாரண குளோரின் ஒரு நாள் திறந்து வைத்துக் காற்றூட்டினால் போய்விடும். சில இடங்களில் குளோரினுக்குப் பதிலாகச் சேர்க்கும் குளோரமைன் அப்படிப் போகாது, அதற்கு அலங்கார மீன் வளர்ப்பவர்கள் தண்ணீரில் விடும் குளோரின் நீக்கும் சொட்டு மருந்துதான் வழி.

நன்னீர் மீன் என்றால் லிட்டருக்கு 1 முதல் 3 கிராம் கல்லுப்பு போடலாம், மிரண்ட மீன் செவுள் வழியாக இழக்கும் உப்பை அது ஓரளவு ஈடுகட்டும். சதுரப் பெட்டியைவிட வட்டத் தொட்டி நல்லது, மூலையில் முட்டி மூக்கைக் கிழித்துக்கொள்ளாது. கை ஈரமாக இல்லாமல் மீனைத் தொடாதீர்கள், மேலே இருக்கும் வழவழப்பு உரிந்தால் பூஞ்சைக்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி.

அப்புறம், மிஞ்சிய இரை மீனைத் தூண்டில் போட வந்த இடத்துக் குளத்திலோ ஆற்றிலோ விடாதீர்கள், பாவம் பார்த்து விடுகிற அந்த மீன்தான் சில நேரம் வேற்று நோயையும் வேற்று இனத்தையும் அங்கே கொண்டு சேர்க்கிறது. தொட்டித் தண்ணீரைக் கரையிலிருந்து தள்ளி, மண்ணில் ஊற்றுங்கள்.