தாத்தாவின் முகத்தைத் திருத்தாதீர்கள்

மறுபடியும் ஒன்று வந்தது. 16ஆம் நாள் காரியத்துக்கு நினைவு மலர் வேண்டும், நாளை சாயங்காலத்துக்குள் அச்சுக்குப் போக வேண்டும், படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியாயிற்று என்றார்கள். திறந்து பார்த்தேன். எழுபதைக் கடந்த பெரியவர், நெற்றியில் ஒரு கோடு இல்லை. பல்வரிசை பற்பசை விளம்பரத்தில் வருவது போல. நிறம் இரண்டு படி வெளுத்திருந்தது. "பழைய படம் மங்கலா இருந்துச்சு, ஏஐ-ல போட்டுத் தெளிவாக்கிட்டோம் ஐயா" என்றார் மகன். அசல் எங்கே என்று கேட்டேன். அது எதுக்கு, அதான் நல்லா வந்துருச்சே என்று பதில். கூட வந்திருந்த மூத்த மகள் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "யாரு இது?" என்றார்.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் வடிவமைப்பு வேலை செய்கிறேன். திருமண அழைப்பிதழ், கோயில் மலர், கடைப் பலகை எல்லாம் உண்டு. ஆனால் சில ஆண்டுகளாக அதிகம் வருவது நினைவு மலர்களும் குடும்பப் புத்தகங்களும்தான். மேலே சொன்னது போன்ற படங்கள் முன்பு எப்போதாவது வரும். இப்போது வாரம் தவறாமல் வருகின்றன. அதனால் இதை எழுதுகிறேன். கொஞ்சம் கோபமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மங்கலான படத்தில் பதிவாகாத விவரத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. ஏராளமான வேறு முகங்களைப் பார்த்துப் பழகிய ஒரு நிரல், இந்த இடத்தில் கண் இப்படி இருக்கும், உதடு இப்படி இருக்கும் என்று ஊகித்து வரைகிறது. அது வரைவது பொதுவான ஒரு முகம். உங்கள் அப்பாவின் இடது புருவத்து வெட்டுக்காயம் அதற்கு அழுக்கு. அம்மாவின் மூக்கோர மச்சம் அதற்குப் படத்தில் விழுந்த புள்ளி. இரண்டையும் துடைத்துவிடும். நீங்கள் அவரை அடையாளம் கண்டது அந்த இரண்டையும் வைத்துத்தான்.

சரி, ஏஐ புதிது, ஆர்வத்தில் செய்கிறார்கள் என்று விட்டுவிடலாம். அதற்கு முன்பிருந்தே என்னை வதைக்கும் ஒரு நம்பிக்கை இருக்கிறது. உணர்ச்சி என்பது கடைசியில் மேலே தெளிக்க வேண்டிய ஒன்று என்ற நம்பிக்கை. "கொஞ்சம் ஃபீலிங்கா பண்ணிக் கொடுங்க" என்பார்கள். அதற்கு அர்த்தம் என்னவென்றால் ஒரு மெழுகுவர்த்தி, பறக்கும் வெள்ளைப் புறா, மேகத்துக்கு நடுவே படிக்கட்டு, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பழுப்பு நிறம். வாழ்நாளில் புறா வளர்க்காத, மெழுகுவர்த்தி ஏற்றாத, திருநீறு பூசாமல் வாசல்படி தாண்டாத மனிதருக்கு எதற்கு இதெல்லாம்? வடிவமைப்பு படிக்கும் பிள்ளைகளும் இதற்கு விலக்கில்லை. 'நினைவு' என்று ஒரு புராஜெக்ட் கொடுத்தால் போதும். கிழிந்த காகிதம், தட்டச்சு எழுத்து, தோல் பெட்டி, செபியா என்கிற பழுப்பு நிறம். பயிற்சிக்கு வருகிற பிள்ளைகள் கொண்டுவரும் கோப்புகளில் பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று தெரியாது. ஒருவரின் நினைவு இன்னொருவருடையது போலவே இருக்குமானால் அதில் யாருடைய நினைவு இருக்கிறது?

இந்தச் செபியாவைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் எத்தனை முறை சொன்னாலும் போகவில்லை. அது ஒரு வேதியியல் வேலை. கறுப்பு வெள்ளைப் படத்தின் உருவம் வெள்ளித் துகள்களால் ஆனது. அந்த வெள்ளியைச் சல்ஃபைடாக மாற்றினால் பழுப்பு நிறம் வரும், படமும் கூடுதல் காலம் தாங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அதற்குப் பிறகும் ஸ்டூடியோக்கள் இதைச் செய்தன. உங்கள் பெற்றோரின் 1978ஆம் ஆண்டுத் திருமணப் படம் அப்படி எடுக்கப்பட்டதல்ல. அது வண்ணப் படம். அந்தக் காலத்து வண்ணத்தாளில் சயான் என்கிற நீலப்பச்சைச் சாயம்தான் பல சமயம் முதலில் மங்கும். அதனால் மொத்தப் படமும் சிவந்துபோகும். ஆல்பத்தைத் திறந்து பாருங்கள், சுவர், மாலை, முகம் எல்லாம் இளஞ்சிவப்பேறி இருக்கும். அந்தச் சிவப்புத்தான் உங்கள் வீட்டுப் பழமையின் நிறம். அதன்மேல் பழுப்பைப் பூசினால் உங்கள் அம்மாவின் கல்யாணம் யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரையின் ஆல்பத்துக்குள் போய்விடும்.

கறுப்பு வெள்ளையாக மாற்றச் சொல்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சுமங்கலியாகப் போன ஓர் அம்மாவின் படத்தை மகன் அப்படித்தான் மாற்றச் சொன்னார், துக்கத்துக்குப் பொருத்தமாக இருக்குமாம். செய்து கொடுத்தோம். வீட்டுப் பெரியம்மா அதைத் திருப்பி அனுப்பினார். குங்குமம் கறுப்பாகிவிட்டது, மஞ்சள் பூசிய முகம் சாம்பலாகிவிட்டது. எங்கள் தொழிலில் இருக்கிற பலரைவிட அந்தப் பெரியம்மாவுக்கு வண்ணம் தெரியும்.

அடுத்தது, "பேக்ரவுண்டை எடுத்துடுங்க." ஏன்? ஒருமுறை ரயில்வே தொழிலாளி ஒருவரின் படம் வந்தது. வேட்டி, பனியன், கையில் குழந்தை. பின்னால் ஒரு மரச்சன்னல், கொடியில் துணி, சுவரோரம் சைக்கிள். எல்லாவற்றையும் வெட்டிவிட்டு நீல வானம் வைக்கச் சொன்னார்கள். அந்தச் சன்னல் பிரிக்ஃபீல்ட்ஸ் நூறு குவார்ட்டர்ஸ் வீட்டுச் சன்னல். ரயில்வே ஊழியர்களுக்காக 1905 வாக்கில் கட்டப்பட்ட அந்த வரிசை வீடுகளை 2014-இல் இடித்துவிட்டார்கள். ஜாலான் ரொசாரியோவில் இன்று போய் நின்றால் அந்த வாசல் கிடையாது. மனிதரும் இல்லை, வீடும் இல்லை, இரண்டும் சேர்ந்து இருக்கிற ஒரே இடம் அந்தப் படம். அதில் பாதியை வெட்டச் சொல்கிறீர்கள். ரப்பர் தோட்டத்து லயத்தின் (தொழிலாளர் வரிசை வீட்டின்) முன் எடுத்த படங்களுக்கும் இதே கதைதான். லயமும் போய், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களமும் போய், அங்கே இப்போது ஏதோ ஒரு தாமான், அதாவது குடியிருப்பு, இருக்கிறது. ஓரத்தில் தெரிகிற பால்வாளியையும் ரப்பர் பால் வடியும் மங்குக் கிண்ணத்தையும் அழுக்கு என்று அழிக்காதீர்கள்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். குடும்பப் புத்தகத்தில் பாட்டன் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கு வந்த கதைக்கு, வேறெங்கோ தயாரித்துக் கொண்டுவந்த பக்கத்தில் டைட்டானிக் படம் இருந்தது. நான்கு புகைபோக்கியோடு. அவர் வந்தது ராஜுலாவில். 1926-இல் கட்டப்பட்ட கப்பல், பல்லாண்டுகள் சென்னைக்கும் நாகைக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய கப்பல், இந்த நாட்டுத் தமிழர்களில் எத்தனையோ பேரைச் சுமந்துவந்த கப்பல். அதன் படம் தேடினால் கிடைக்கும். தேடப் பொறுமை இல்லையென்றால் கப்பல் படமே வேண்டாம், பெயரைப் பெரிய எழுத்தில் போடுங்கள். ராஜுலா என்ற மூன்றெழுத்தைப் பார்த்ததும் வீட்டில் ஒரு கிழவர் பேச ஆரம்பிப்பார்.

படமே இல்லாதவர்களை என்ன செய்வது? இது நியாயமான கேள்வி, அடிக்கடி வருகிற கேள்வியும்கூட. ஜப்பான்காரன் காலத்தில், 1942, 43-இல், சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. பல குடும்பங்களில் அவர்களின் ஒரு படம்கூடக் கிடையாது. அப்படி ஒரு வீட்டுப் பேரப்பிள்ளைகள், மகன்கள் இருவரின் முகத்தையும் கலந்து ஏஐ-யில் ஒரு தாத்தாவை உருவாக்கி எடுத்து வந்தார்கள். ஆசை புரிகிறது. ஆனால் இன்னும் இருபது வருடத்தில் அந்த வீட்டுக் குழந்தைகளுக்கு அதுதான் கொள்ளுத்தாத்தா. பொய் என்று சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள்.

நாங்கள் செய்தது இதுதான். இடது பக்கத்தில் பாட்டியின் படம். வலது பக்கத்தில் அதே அளவில், அதே கோட்டுச் சட்டம், உள்ளே ஒன்றும் இல்லை. கீழே அவர் பெயர், தோட்டத்தின் பெயர், 'சயாமுக்குப் போனார்' என்று பாட்டி வழக்கமாகச் சொன்ன இரண்டு சொல். அச்சகத்திலிருந்து போன் வந்தது, படம் விட்டுப்போயிருக்கிறது, கோப்பைத் திரும்ப அனுப்புங்கள் என்று. விட்டுப்போகவில்லை, அப்படியே அடியுங்கள் என்றேன்.

இது நான் கண்டுபிடித்த வித்தை அல்ல. வாஷிங்டனில் வியட்நாம் போரில் இறந்தவர்களுக்கான சுவரை வரைந்தபோது மாயா லின் யேல் பல்கலைக்கழக மாணவி, வயது 21. அந்தச் சுவரில் சிலை இல்லை, கொடி இல்லை, கறுப்புக் கல்லில் பெயர்கள் மட்டும். 58,000-க்கும் மேல். அகரவரிசையில் அடுக்கியிருந்தால் அது ஒரு தொலைபேசிப் புத்தகம். இறந்த நாள் வரிசையில் அடுக்கினார்கள், ஒரே சண்டையில் விழுந்தவர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள். 1982-இல் திறந்தார்கள், இன்றும் மக்கள் அந்தப் பெயர்களைத் தொட்டு அழுகிறார்கள். எந்த வரிசையில் வைப்பது என்ற ஒரு முடிவு அந்த வேலையைச் செய்கிறது. (எழுத்துரு ஆப்டிமா. கேட்காமலே சொல்கிறேன், தொழில் புத்தி.)

கையெழுத்து இருந்தால் முகத்தைவிட அதைத்தான் முதலில் கேட்பேன். கணக்குப் புத்தகம், கடிதம், மருந்துச் சீட்டின் பின்பக்கம், எதுவானாலும். தாத்தா பெயர் அண்ணாமலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் போட்ட கையெழுத்தில் 'ணா'வும் 'லை'யும் பழைய வடிவத்தில் இருக்கும். தமிழ்நாட்டில் 1978-இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்து, பிறகு இங்கும் மாறியது. அதற்கு முன் எழுதப் படித்தவர் என்பதை அந்த இரண்டு எழுத்து சொல்லிவிடும். அதை ஸ்கேன் செய்து அட்டையில் வைத்தால் வேறு அலங்காரம் தேவைப்படாது. தயவுசெய்து தேடிப்பாருங்கள், பெரும்பாலும் அலமாரியின் மேல்தட்டில் பிஸ்கட் டின்னுக்குள் இருக்கும்.

எழுத்து என்றதும் இன்னொன்று. கண்ணீர் அஞ்சலிப் பேனரில் பெயரின் கொம்பு இடம் மாறி, பக்கத்தில் ஒரு புள்ளிவட்டம் தொங்குகிறதே, அது விதியல்ல, சோம்பேறித்தனம். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் 'வேர்ல்ட் ரெடி' கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும், ஒரு நிமிட வேலை. கணினியில் தமிழ் எழுத உதவும் முரசு அஞ்சல் மென்பொருளைத் தந்த முத்து நெடுமாறன் இந்த நாட்டுக்காரர். இங்கே உட்கார்ந்துகொண்டு உடைந்த தமிழில் ஒருவரை வழியனுப்புவது எனக்கு அவமானமாக இருக்கிறது.

இனி வேகமாகச் சொல்கிறேன், செய்யுங்கள்.

பழைய படங்களை லேமினேட் செய்யாதீர்கள். சூடும் பசையும் உள்ளே போனால் திரும்ப வராது. செய்து வைத்திருப்பவர்கள் அதைப் பிரிக்கவும் முயலாதீர்கள், அப்படியே ஸ்கேன் செய்யலாம். பிளாஸ்டிக் தாளை உரித்து ஒட்டுகிற ஆல்பத்தில் படம் ஒட்டிக்கொண்டிருந்தால் நகத்தால் கிளப்பாதீர்கள். பல்லிடுக்கு நூலை அடியில் மெல்ல இழுத்தால் பல சமயம் வரும், வராவிட்டால் விட்டுவிடுங்கள். பூஜை அறைச் சட்டத்தில் கண்ணாடியோடு ஒட்டிப்போனதைக் கண்ணாடியோடே கொண்டுவாருங்கள்.

ஸ்கேன் 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி). ஐசி (அடையாள அட்டை) அளவுப் படமானால் 1200. படத்தின் பின்பக்கத்தையும் எடுங்கள், ஸ்டூடியோ முத்திரையும் தேதியும் அங்கேதான் இருக்கும். பின்னால் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதாதீர்கள், முன்பக்கம் முகத்தில் தழும்பு விழும். தனிச் சீட்டில் எழுதிச் செருகுங்கள். வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் அனுப்பினால் படம் நீளவாக்கில் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும், அச்சில் அது 13, 14 சென்டிமீட்டர்தான். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். நாலு பேர் கைமாறி வந்த படத்தை அனுப்பிவிட்டு 'பேனர் அளவுக்குப் பெருசாக்குங்க' என்று கேட்காதீர்கள்.

இறப்பைப் பதியும்போது ஐசியைத் தேசியப் பதிவுத் துறையில் ஒப்படைக்க வேண்டியிருக்கும். கொடுப்பதற்கு முன் நல்ல ஸ்கேன் ஒன்று எடுத்துவிடுங்கள். தோட்டத்துத் தலைமுறையில் சிலருக்கு அந்த அட்டைப் படம்தான் இருக்கிற ஒரே படம். ஆனால் அட்டையை அப்படியே குடும்பக் குழுவில் போடக்கூடாது. ஐசி எண்ணின் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம். அஞ்சலி விளம்பரத்தில் முழுப் பிறந்த தேதி, ஊர், வீட்டு முகவரி எல்லாம் போட்டால் மோசடிக்காரனுக்குப் பாதி வேலை முடிந்தது. பிறந்த ஆண்டு போதும்.

மெருகேற்றியே ஆக வேண்டும் என்றால் கீறலையும் பூஞ்சையையும் எடுங்கள், முகத்தில் கை வைக்காதீர்கள். எடுத்ததை அசலோடு சேர்த்து, அவரோடு வாழ்ந்த ஒருவரிடம் காட்டுங்கள். அவர் தயங்கினால் அந்தப் படம் வேண்டாம்.

எங்களிடம் வருவதாக இருந்தால் ஆல்பத்தை அப்படியே கொண்டுவாருங்கள், நீங்களே பொறுக்கி எடுக்க வேண்டாம். முகங்களைப் பெயர் சொல்லிக் காட்டக்கூடிய பாட்டியோ பெரியப்பாவோ இருந்தால் கூட அழைத்து வாருங்கள். கடை மேல்மாடியில், லிஃப்ட் கிடையாது. முன்கூட்டி ஒரு போன் போட்டால் ஸ்கேனரைத் தூக்கிக்கொண்டு நாங்களே வீட்டுக்கு வருகிறோம்.