டிஸ்பர்ஷன்: சிதறல் அல்ல, பிரிகை

ஒளியிழைப் பயிற்சிக் குறிப்புகளில் ‘டிஸ்பர்ஷன்’ (இழையில் ஓடும் ஒளித்துடிப்பு போகப்போக விரிவது) வரும் இடமெல்லாம் ‘ஒளிச்சிதறல்’ என்று போட்டுவிடுகிறார்கள். இன்னொரு முறை அதைப் படிக்க எனக்குப் பொறுமையில்லை.

வேர் லத்தீன், தூவுதல், இறைத்தல் என்று பொருள். சிதறல்காரர்கள் பிடித்துக்கொள்வது இதைத்தான். சரி, ஆனால் சிதறல் என்ற சொல்லை, ஒளி பல திசைகளில் தெறிப்பதற்கு எப்போதோ பட்டா போட்டுக் கொடுத்தாயிற்று. இராமன் சிதறல், ராலே சிதறல் என்று பள்ளியிலேயே படிக்கிறோம். இழைக்குள்ளும் ராலே சிதறல் உண்டு. 1550 நானோமீட்டரில் கிலோமீட்டருக்குச் சுமார் 0.2 டெசிபல் ஒளி இழக்கிறோமே, அதற்கு முக்கியக் காரணமே அதுதான். அப்படிச் சிதறித் திரும்பும் ஒளியை வைத்துத்தான் ஓடிடிஆர் என்ற சோதனைக் கருவி இழை முறிந்த இடத்தைக் காட்டுகிறது.

டிஸ்பர்ஷனில் ஒளி எங்கும் தொலைவதில்லை. துடிப்புக்குள் இருக்கும் அலைநீளங்கள் வெவ்வேறு வேகத்தில் ஓடி முன்பின்னாக வந்து சேர்கின்றன. துடிப்பு அகன்று பக்கத்துப் பிட்டின் மேல் ஏறுகிறது. 0.1 நானோமீட்டர் நிறமாலை அகலமுள்ள துடிப்பு, வழக்கமான ஒற்றைப்பாங்கு இழையில் (ஒளிக்கு ஒரே பாதை உள்ள இழை) 80 கிலோமீட்டர் போனால் ஏறக்குறைய 136 பிக்கோ நொடி விரியும். 10 கிகாபிட் வேகத்தில் ஒரு பிட்டுக்குக் கிடைப்பதோ 100 பிக்கோ நொடிதான். பிட்டுகள் தெளிவாகப் பிரிந்திருந்தால் கண் திறந்தது போல் தெரியும் ‘கண் வரைபட’த்தில் கண் மூடிக்கொள்ளும். வேகம் நான்கு மடங்கானால் தாங்கக்கூடிய டிஸ்பர்ஷன் அளவு பதினாறில் ஒரு பங்காகிவிடும்.

இப்போதைய நெடுந்தொலைவு 100 கிகாபிட் ஏற்பிகள் இந்த விரிவைத் தாமே கணக்கிட்டு நேராக்கி, அளவையும் கண்காணிப்புத் திரையில் காட்டுகின்றன. அதே 80 கிலோமீட்டருக்கு, ஒரு நானோமீட்டர் அகலத்துக்கு 1360 பிக்கோ நொடி என்பதை அங்கே ‘சிதறல் 1360’ என்று எழுதினால் படிப்பவர் என்ன செய்வார்? ஒளி எங்கோ கசிகிறது என்று இணைப்புகளைத் தோண்டக் கிளம்புவார். இழையில் கோளாறே இருக்காது.

பள்ளிச் சொல்லான ‘நிறப்பிரிகை’ பரவாயில்லை. ஆனால் இழையில் ஓடுவது அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியும் நிறம் ஏது? முனைவாக்கத்தால் (ஒளியலை அதிரும் திசையால்) வரும் இன்னொரு வகை டிஸ்பர்ஷனில் நிறத்துக்கு வேலையே இல்லை. ‘பரவல்’ என்பாரும் உண்டு. ஒளி இழைவழியே பரவுகிறது என்று சொல்ல அப்புறம் எந்தச் சொல்லுக்குப் போவது?

நிறத்தை உதறிவிட்டுப் ‘பிரிகை’யை மட்டும் வைத்துக்கொள்ளலாம். அலைநீளப் பிரிகை, முனைவாக்கப் பிரிகை, பல பாதை இழைகளில் வரும் பாங்குப் பிரிகை. மூன்றும் ஒரே குடும்பம் என்பது பார்த்ததுமே தெரிகிறது. அகராதியில் முதலில் கண்ணில் பட்ட சொல்லை எடுத்து ஒட்டும் மொழிபெயர்ப்பாளர்கள், அந்தச் சொல் ஏற்கெனவே எங்கே வேலையில் இருக்கிறது என்று ஒரு பள்ளிப் பாடநூலையாவது புரட்டலாம்.