170 கிலோ கணக்கு: ஐரோப்பாவின் நைட்ரேட் ஆணை பண்ணையாளரிடம் என்ன கேட்கிறது?

ஐரோப்பிய ஒன்றியத்தில் மாடு வளர்ப்பவர்களிடம் 170 என்று சொன்னால் போதும், புரிந்துவிடும். ஒரு ஹெக்டேர் நிலத்தில் ஓர் ஆண்டில் கால்நடைக் கழிவு வழியாகச் சேரலாம் என்று அனுமதிக்கப்பட்ட தழைச்சத்து (நைட்ரஜன்) 170 கிலோ. நீரை நைட்ரேட் மாசிலிருந்து காக்க 1991 டிசம்பரில் ஒன்றியம் கொண்டுவந்த நைட்ரேட் ஆணை வைத்த வரம்பு இது. மொத்த உரத்துக்கும் சேர்த்து இதுதான் வரம்பு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. யூரியா போன்ற ரசாயன உரம் இந்தக் கணக்கில் வராது. அதற்கு வேறு விதி.

பயிர் எடுத்தது போக மிஞ்சும் தழைச்சத்து மண்ணில் நைட்ரேட்டாக மாறுகிறது. களிமண் துகளைப் போலவே நைட்ரேட்டுக்கும் எதிர்மின்னூட்டம் என்பதால் மண் அதைப் பிடித்து வைப்பதில்லை. மழைநீரோடு கீழே இறங்கிவிடும். குடிநீரில் அது அளவு மீறினால் கைக்குழந்தைகளின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாரிக்கலாம். ஆற்றிலும் கடலோரத்திலும் பாசி மண்டும். பிரான்ஸின் பிரெட்டனி கடற்கரையில் ஒதுங்கும் பச்சைப்பாசி அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயுவே கிளம்புகிறது.

ஆணை நேரடியாகப் பண்ணையாளரிடம் பேசுவதில்லை. ஒவ்வொரு நாடும் தன் நீரைச் சோதிக்க வேண்டும். லிட்டருக்கு 50 மில்லிகிராம் நைட்ரேட்டைத் தாண்டிய, அல்லது தாண்டக்கூடிய நீர்நிலைகளுக்கு வடியும் நிலங்களைப் பாதிப்புக்குள்ளாகும் பகுதி என அறிவிக்க வேண்டும். பாசி மண்டும் நீர்நிலைகளுக்கும் இது பொருந்தும். அந்தப் பகுதிக்குள் 170 கிலோ வரம்பு உட்பட விதிகள் கட்டாயம். வெளியே நல்ல நடைமுறைக் குறிப்புகள் மட்டும், விருப்பப்பட்டவர் பின்பற்றலாம். அயர்லாந்து, டென்மார்க், ஜெர்மனி போன்ற நாடுகள் எல்லைத் தகராறே வேண்டாம் என்று நாடு முழுவதற்கும் விதிகளைப் பொருத்திவிட்டன.

சரி, உள்ளே இருப்பவர் என்ன செய்ய வேண்டும்? ரசாயன உரமும் எருவும் சேர்ந்து பயிரின் தேவைக்குள் அடங்க வேண்டும். மண்ணில் ஏற்கெனவே இருப்பதையும் கழித்துத்தான் கணக்கு. தண்ணீர் தேங்கிய, உறைந்த, பனி மூடிய நிலத்தில் உரமிடுவதற்கும், சரிவான நிலத்திலும் ஓடைக் கரையிலும் இடுவதற்கும் கட்டுப்பாடு உண்டு. எல்லாவற்றையும் விட முக்கியம், ஆண்டில் சில மாதங்கள் உரமே இடக்கூடாது என்ற தடைக்காலம். என்னைக் கேட்டால் 170ஐ விட இதற்குத்தான் பலன் அதிகம். பயிர் வளராத குளிர்கால மழையில் கொட்டிய எரு எத்தனை கிலோவாக இருந்தாலும் பெரும்பாலும் வீண்தான். ஆனால் மாடு தடைக்காலம் பார்த்துச் சாணம் போடாது. அத்தனை மாதச் சாணத்தையும் சேர்த்துவைக்கத் தொட்டி வேண்டும். பண்ணையாளருக்கு அதிகம் செலவு வைக்கும் விஷயங்களில் அது ஒன்று.

170ன் கடுமை மாட்டுக் கணக்குப் போட்டால் தெரியும். அயர்லாந்தில் பால் தரும் அளவைப் பொறுத்து ஒரு கறவை மாட்டின் கழிவில் ஆண்டுக்கு 80, 92, 106 கிலோ தழைச்சத்து என மூன்று படிகள் வைத்திருக்கிறார்கள். நடுப்படியில்கூட ஹெக்டேருக்கு இரண்டு மாடு வைக்க முடியாது. அதனால் நாடுகள் விலக்கு கேட்கும். புல் நீண்ட காலம் வளர்ந்து தழைச்சத்தை நிறைய உறிஞ்சும் என்று காட்டினால் ஐரோப்பிய ஆணையம் கூடுதல் அளவு தரலாம். அயர்லாந்து இப்படி 250 கிலோ வாங்கியது. நீரின் தரம் தேறாத பகுதிகளில் 2024 முதல் அது 220 ஆனது. நெதர்லாந்தின் விலக்கைப் படிப்படியாக நிறுத்த 2022இல் முடிவானது.

நாடு தவறினால் வழக்குதான். ஜெர்மனி போதிய நடவடிக்கை எடுக்கவில்லை என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2018 ஜூனில் தீர்ப்பளித்தது. விதிகள் இறுகப்போகின்றன என்று தெரிந்ததும் 2019இல் விவசாயிகள் டிராக்டர்களோடு பெர்லினில் இறங்கினார்கள். ஆனாலும் 2020இல் விதி மாறியது: நைட்ரேட் மிகுந்த பகுதிகளில் பயிரின் தேவையை விடச் சராசரியாக 20 சதவீதம் குறைத்தே உரமிட வேண்டும். தேவையை விடவே குறைவா என்று அவர்கள் கொதித்தது புரிந்துகொள்ளக்கூடியதுதான். ஆனால் நிலத்தடி நீர் மெதுவாகவே புதுப்படுகிறது; இன்றைய கிணற்று நீரில் பல ஆண்டுகளுக்கு முந்தைய உரமும் இருக்கலாம். அந்தப் பழைய பாக்கிக்கும் இப்போது உழுபவர்தான் பொறுப்பேற்க வேண்டியிருக்கிறது.

பண்ணையாளர் தவறினால் ஒன்றியம் தரும் வேளாண் மானியத்தில் பிடித்தம் வரும். எருவும் உரமும் எங்கே, எப்போது, எவ்வளவு போனது என்ற பதிவேட்டைச் சோதனைக்கு வருபவர்கள் கேட்பார்கள்.