பிக்கப் இழுத்துவிடும், சுமக்குமா?

"வண்டி அருமையாக இழுக்கிறது சார், ஒரு பிரச்சினையும் இல்லை." அம்பத்தூரில் எங்கள் பட்டறைக்கு கேரவன் டிரெய்லரோடு வருகிறவர்கள் இறங்கியதும் சொல்வது இதைத்தான். அண்மையில் இதையே சொன்ன ஒருவரின் டிரெய்லர் ஒரு பக்கம் முழுக்க நசுங்கி, கிரேனில் தொங்கிக்கொண்டு வந்து சேர்ந்தது. ஸ்ரீபெரும்புதூர் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் ஓர் ஆம்னி பஸ் அவரை முந்தியிருக்கிறது. டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கியிருக்கிறது. அவர் பதறி பிரேக்கை அழுத்தி மிதித்திருக்கிறார். டிரெய்லர் சாய்ந்து, பிக்கப்பையும் நடுத்திட்டு வரை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. உள்ளே மனைவி, இரண்டு குழந்தைகள், மாமியார். எல்லாரும் சிராய்ப்போடு தப்பியது பெரும் பாக்கியம்.

"என் பிக்கப் மூன்றரை டன் இழுக்குமே, டிரெய்லர் ஒன்றரை டன்கூட இல்லையே" என்று அவர் கேட்டார். இந்தக் கேள்விக்கு வாய்வலிக்கப் பதில் சொல்லியாகிவிட்டது. இனி எழுதிவைத்துவிட்டு, கேட்கிறவர்களிடம் இதை நீட்டிவிடலாம் என்றிருக்கிறேன்.

அந்த மூன்றரை டன் எங்கிருந்து வந்தது? இணையத்திலிருந்து. ஆஸ்திரேலியாவில் இதே பெயரில் விற்கும் பிக்கப்புகளுக்கு 3500 கிலோ இழுவைத் திறன் உண்டு என்பது உண்மை. ஆனால் அது தனக்கென்று பிரேக் உள்ள டிரெய்லருக்கான எண். பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால் அதே நாட்டில், அதே வண்டிக்கு 750 கிலோதான். அங்கே டிரெய்லர் இரண்டு டன்னைத் தாண்டினால் எல்லாச் சக்கரத்திலும் பிரேக் வேண்டும். கொக்கி கழன்றால் தானாகவே பிரேக் பிடிக்கும் ஏற்பாடும் வேண்டும். இங்கே நம் பட்டறைகளில் வெல்டிங் செய்து இறக்கும் டிரெய்லர்களில் பாதிக்கு மேல் பிரேக்கே கிடையாது. கேட்டால், "பிக்கப் பிரேக் போதும் அண்ணே" என்று பதில் வருகிறது. போதாது. தவிர, இந்தியாவில் விற்கும் வண்டியின் ஸ்பிரிங், குளிரூட்டும் அமைப்பு, அனுமதிக்கப்பட்ட மொத்த எடை எல்லாம் வெளிநாட்டு வண்டியைப் போலவே இருக்கும் என்று யாரும் உங்களுக்கு உறுதி கொடுக்கவில்லை. உங்கள் கையேட்டில் இழுவை எடை அச்சிடப்பட்டிருந்தால் அதுதான் உங்கள் எண். இல்லாவிட்டால் தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். யூடியூபில் ஒருவர் பாலைவனத்தில் இழுத்துக் காட்டியதை அத்தாட்சியாகக் கொண்டுவராதீர்கள்.

சரி, கையேட்டில் நல்ல பெரிய எண்ணாகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்த எண்ணை நான் கடைசியில்தான் பார்ப்பேன். அமெரிக்காவில் இந்த எண்ணை எடுப்பதற்கு ஜே 2807 என்று ஒரு தரநிர்ணயம் இருக்கிறது. அரிசோனாவின் டேவிஸ் டேம் மலையேற்றத்தில், கொளுத்தும் வெயிலில், ஏ.சி.யை முழுதாக வைத்து ஏற்றிப் பார்க்கிறார்கள். கடுமையான சோதனைதான். ஆனால் வண்டிக்குள் இருப்பதாகக் கணக்கில் வைப்பது ஓட்டுநரையும் இன்னொருவரையும் மட்டுமே. ஆளுக்கு 68 கிலோ. நம் வீட்டில் இரண்டு பேர் மட்டும் கேரவன் எடுத்துக்கொண்டு கிளம்பி யாராவது பார்த்திருக்கிறீர்களா? பாட்டி வருவார், சித்தப்பா பையன் வருவான், ஐஸ் பெட்டி வரும், ஐந்து கிலோ இட்லி மாவும் வரும்.

டிரெய்லரைப் பிக்கப் இழுக்க மட்டும் செய்வதில்லை. அதன் ஒரு பங்கைச் சுமக்கவும் செய்கிறது. டிரெய்லரின் மூக்கு பிக்கப்பின் கொக்கிக் குண்டின் மீது அமர்கிறது அல்லவா, மூக்கு எடை எனப்படும் அந்த அழுத்தம் பிக்கப்பின் முதுகில் ஏற்றிய மூட்டைக்குச் சமம். அமெரிக்க வழக்கப்படி அது டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். ஐரோப்பாவில் வேகமும் குறைவு, வண்டிகளும் சிறியவை என்பதால் இன்னும் குறைவாக வைக்கிறார்கள். எப்படியிருந்தாலும் அந்த எடை, உங்கள் குடும்பம் உட்கார்ந்திருக்கும் அதே கணக்கிலிருந்துதான் கழிகிறது.

கணக்கைப் போட்டே காட்டுகிறேன். போட்டுக் காட்டாமல் யாரும் நம்புவதில்லை. ஆர்.சி. புத்தகத்தில் இரண்டு எடைகள் இருக்கும்: வெற்று எடை, மொத்த எடை. ஒரு பிக்கப்புக்கு அவை 1960, 2510 என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 550 கிலோ. ஐந்து பேர் ஏறினால் 340 போயிற்று. பின்தொட்டிக்கு மேல் ஃபைபர் கூடு போட்டிருக்கிறீர்கள், 60. கொக்கிச் சட்டமே 35. மிச்சம் 115 கிலோ. இனி டிரெய்லர். நிரப்பிய நிலையில் 1400 கிலோ என்றால் மூக்கு எடை பத்து சதவீதமாகவே 140. கணக்கு முடிந்துவிட்டது. பின்தொட்டியில் ஒரு பை கூட வைக்கவில்லை, இழுவைத் திறனில் பாதியைக்கூடத் தொடவில்லை, ஆனாலும் வண்டி அளவுக்கு மீறிச் சுமந்துகொண்டிருக்கிறது. "இழுக்கிறதே" என்கிறீர்கள். இழுக்கும். இன்றைய டீசல் எஞ்சின்களின் முறுக்குவிசைக்கு ஒன்றரை டன் ஒரு பொருட்டே அல்ல. எஞ்சின் திணறினால் உங்களுக்குத் தெரிந்துவிடும். பின் அச்சு திணறுவது தெரியாது. முன் சக்கரம் லேசாகி ஸ்டியரிங் வழுவழுவென்று ஆவதை "பவர் ஸ்டியரிங் நன்றாக இருக்கிறது" என்று பாராட்டியவரையும் பார்த்திருக்கிறேன்.

பிக்கப்பின் வால் தாழ்ந்துவிட்டது என்று தெரிந்ததும் அடுத்து என்ன செய்கிறார்கள்? புதுப்பேட்டைக்கோ ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கோ போய் பின்னால் ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு பட்டை போட்டுக்கொண்டு வருகிறார்கள். வண்டி நிமிர்ந்து நிற்கிறது, மனமும் நிறைகிறது. பட்டை போட்டால் உயரம் கூடும். அச்சின் பலம் கூடாது, பிரேக் கூடாது, டயர் தாங்கும் எடை கூடாது, ஆர்.சி.யில் உள்ள எண் ஒரு கிலோகூட மாறாது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு உடைந்த காலோடு ஓடுவதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. தயவுசெய்து எங்களிடம் வந்து பட்டை போடச் சொல்லாதீர்கள், நாங்கள் போடுவதில்லை.

மூக்கு எடைதானே தொல்லை, அதைக் குறைத்துவிட்டால் போகிறது என்று இன்னொரு புத்திசாலிக் கூட்டம் இருக்கிறது. நசுங்கி வந்த அந்த டிரெய்லரின் கதை அதுதான். பின்சுவரை ஒட்டி 150 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, அதற்கும் பின்னால் தாங்கியில் ஜெனரேட்டர். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதைப் பள்ளியிலேயே படித்தோம், தொட்டியை நிரப்பும்போது மட்டும் மறந்துவிடுகிறோம். டிரெய்லரைச் செய்து கொடுத்தவரும் அச்சைச் சரியாக நடுவில் வைத்திருக்கிறார், பார்க்க அழகாக இருக்கும் என்று. அச்சு நடுவுக்குச் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். கனமான சாமான்கள் அச்சுக்கு மேலேயோ சற்று முன்னாலேயோ அமர வேண்டும். டிரெய்லரின் மூக்கை இரண்டு விரலால் தூக்கலாம் என்று அதன் உரிமையாளர் பெருமையாகச் சொல்லியிருந்தார். மூக்கு லேசானால் வால் ஆடும். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஒன்றும் தெரியாது. தொண்ணூறில் ஒரு பஸ்ஸின் காற்று போதும்.

ஆட ஆரம்பித்துவிட்டால் என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொள்ளுங்கள், வேகம் தானாகக் குறையட்டும். டிரெய்லருக்குத் தனி மின் பிரேக்கும் அதற்குக் கைப்பிடியும் இருந்தால் அதை மட்டும் மெல்ல அழுத்துங்கள். பிக்கப்பின் பிரேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிக்காதீர்கள், வேகத்தைக் கூட்டி நேராக்கப் பார்க்காதீர்கள். பிறகு ஓரமாக நிறுத்திச் சுமையை மாற்றுங்கள். "இனி மெதுவாகப் போகிறேன்" என்று அப்படியே தொடராதீர்கள்.

எடையை ஊகிக்கவே வேண்டாம். மாதவரத்திலும் மணலியிலும் லாரிகளுக்கு எடைமேடைகள் இருக்கின்றன, வாங்கும் கட்டணம் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக்கூட ஆகாது. பயணத்துக்குப் போவது போலவே ஆட்களையும் சாமானையும் ஏற்றிக்கொண்டு போங்கள். முதலில் பிக்கப்பை மட்டும் நிறுத்தி எடை பாருங்கள். பிறகு டிரெய்லரை மாட்டி, பிக்கப் மட்டும் மேடை மீதும் டிரெய்லர் சக்கரங்கள் வெளியிலும் இருக்கும்படி நிறுத்துங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் மூக்கு எடை. அப்புறம் முழுவதையும் ஏற்றி ஒரு முறை. மேடை பெரும்பாலும் ஐந்து, பத்து கிலோப் படிகளில்தான் காட்டும், இந்த வேலைக்கு அது போதும். மூக்கு எடை மட்டும் வேண்டுமென்றால் வீட்டிலேயே பார்க்கலாம்: ஒரு பக்கம் செங்கல், மூன்று அடி தள்ளி ஆள் எடை பார்க்கும் இயந்திரம், இரண்டுக்கும் குறுக்கே தடித்த பலகை. செங்கல்லிலிருந்து ஓர் அடியில் டிரெய்லரின் மூக்கை இறக்கி, இயந்திரம் காட்டுவதை மூன்றால் பெருக்குங்கள். டிரெய்லரின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு இதைச் செய்யுங்கள்.

தயாரிப்பாளர் தாளில் இருக்கும் டிரெய்லர் எடை வெற்று எடை. அதில் தண்ணீர் இல்லை, பேட்டரி இல்லாமலும் இருக்கலாம். கேஸ் சிலிண்டர் நிரம்பியிருந்தால் கிட்டத்தட்ட 30 கிலோ. இன்வெர்ட்டருக்குப் போடும் 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று ஐம்பது கிலோவுக்கு மேல். பிற்பாடு மாட்டிய ஏ.சி., விதானம், மெத்தை எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள், தாளில் இருந்த எண்ணை அடையாளமே தெரியாது.

கொக்கி விஷயத்தில் எனக்கு இரக்கமே கிடையாது. தரமான கொக்கிச் சட்டத்தில் ஒரு தகடு இருக்கும்; அதில் டி மதிப்பு, எஸ் மதிப்பு என்று இரண்டு எண்கள் பொறித்திருக்கும். டி என்பது அது தாங்கும் இழுவிசை, எஸ் என்பது அது தாங்கும் மூக்கு எடை. தகடே இல்லாத சட்டத்தை, வண்டியின் பம்பரைக் காப்பாற்றுவதற்காக மாட்டியதை, இழுவைக்குப் பயன்படுத்துகிறவர்கள் இந்த நகரத்தில் ஏராளம். குண்டின் விட்டத்தையும் பாருங்கள். நமக்கு வழக்கமானது 50 மில்லிமீட்டர். பழைய இறக்குமதிச் சரக்கில் ஒன்றே முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேல், அதாவது 47.6 மில்லிமீட்டர் குண்டுகளும் கிடைக்கின்றன. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, மாட்டினால் பூட்டிக்கொண்டது போலவே இருக்கும். வேகத்தடையில் குதிக்கும்போது கழன்று வரும். பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டையும் கப்ளருக்கு, அதாவது குண்டைக் கவ்வும் டிரெய்லர் மூக்கின் பூட்டுக்கு, அடியில் குறுக்காக மாட்டச் சொல்வது, அப்படிக் கழன்றால் மூக்கு தார்ச்சாலையில் குத்தாமல் சங்கிலித் தொட்டிலில் விழட்டும் என்பதற்காக.

டிரெய்லர் டயரின் வரிப்பள்ளங்கள் தேய்ந்திருக்காது, ஆனால் வயதாகியிருக்கும். டிரெய்லர் வருடத்தில் பாதி நாள் வெயிலில் சும்மா நிற்கிறது அல்லவா. பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பக்கச் சுவரில் வெடிப்பு இருந்தால் மாற்றுங்கள், பேரம் பேசாதீர்கள். தாங்கும் எடைக் குறியீடு 91 என்றால் ஒரு டயருக்கு 615 கிலோ. இரண்டு டயருக்கு 1230. அதன் மேல் 1400 கிலோ டிரெய்லரை உட்காரவைத்துவிட்டு டயர் கம்பெனியைத் திட்டுகிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் படகு டிரெய்லர் வைத்திருப்பவர்கள் இதோடு பேரிங் கிரீஸையும் பிரேக் டிரம்மையும் அடிக்கடி பார்க்க வேண்டும், உப்புத் தண்ணீர் இரண்டையும் தின்றுவிடும்.

டிரெய்லருக்கும் பதிவெண் வேண்டும், காப்பீடு வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் கண்ணில் அதுவும் ஒரு வாகனம்தான். 2019 திருத்தத்துக்குப் பிறகு கூடுதல் எடைக்கு அபராதம் 20,000 ரூபாய், மிகுந்த ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. அபராதத்தைக் கட்டிவிடலாம். விபத்துக்குப் பிறகு காப்பீட்டு நிறுவனத்தின் ஆய்வாளர் எடைச்சீட்டைக் கேட்கும்போது என்ன சொல்வீர்கள்?

ஏலகிரிக்குக் கேரவன் கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளிலும் ஏறும்போது வண்டி சிரமப்பட்டதாக யாரும் என்னிடம் குறைப்பட்டதில்லை. இறங்கும்போது பிரேக் தீய்ந்த வாசனை வந்ததாகத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். உச்சியிலேயே தாழ்ந்த கியருக்கு மாற்றிக்கொண்டு எஞ்சினைக் கொண்டே வேகத்தைக் கட்டுங்கள். பிரேக்கை விட்டு விட்டு அழுத்துங்கள், மிதித்தபடியே இறங்காதீர்கள். மிதி பஞ்சு போல் ஆனால் நிறுத்திவிடுங்கள், பின்னால் எத்தனை வண்டி ஹாரன் அடித்தாலும் சரி.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். நீண்ட தூரம் என்பதால் குழந்தைகள் டிரெய்லருக்குள் படுத்துத் தூங்கிக்கொண்டு வரட்டும் என்று விடுகிறார்கள். ஓடும் டிரெய்லரில் யாரும் இருக்கக் கூடாது, ஐந்து நிமிடத்துக்குக்கூட. அன்று நசுங்கி வந்ததன் உள்ளே, மேல் படுக்கை கீழ்ப் படுக்கையின் மீது கிடந்தது. தூக்கம் வந்தால் வண்டியை நிறுத்தி எல்லாரும் தூங்குங்கள், அதற்காகத்தானே கேரவன் வாங்கினீர்கள்.