கரைக்க மருந்து வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள்

தை பிறந்துவிட்டால் பாளையங்கோட்டையில் என் கிளினிக்குக்குக் கல்யாணப் பொண்ணை விடப் பொண்ணுடைய அம்மாதான் அதிகம் வருவார். போன மாதம் ஒரு டீச்சர், அம்பாசமுத்திரம் பக்கம். கூடவே அவருடைய மைனி. மூக்கோரத்திலிருந்து வாயோரம் வரை இறங்குகிற கோட்டை விரலால் தொட்டுக் காட்டினார்.

"இதுல ஊசி போட்டு நிரப்பிருதாங்களாமே டாக்டர்? வீடியோல பாத்தேன்."

நான் முதலில் கையில் கொடுப்பது கண்ணாடி. புருவத்தை நெரியுங்கள், சிரியுங்கள், இப்போது சும்மா இருங்கள் என்பேன். நெரிக்கும்போது வந்து, விட்டதும் மறைகிற கோடு தசை இழுப்பதால் வருவது. அதற்கு ஃபில்லர், அதாவது நீங்கள் கேட்கிற அந்த நிரப்பும் ஊசி, வேலைக்காகாது. தசையைத் தளர்த்துகிற போடாக்ஸ் வகை ஊசிதான் சரி, அதுவும் மூன்று நான்கு மாதம்தான் நிற்கும். முகம் சும்மா இருக்கும்போதும் நிற்கிற மடிப்பு, குழி விழுந்த கன்னம், இவைதான் ஃபில்லருக்கு உரிய இடம். அங்கேயும் ஒரு சங்கதி உண்டு. டீச்சரின் கன்னத்தை விரலால் லேசாக மேலே ஏற்றிப் பிடித்தேன், கோடு பாதி காணவில்லை. கன்னத்துக் கொழுப்பு இறங்கியதுதான் கோளாறு. அதை விட்டுக் கோட்டிலேயே மருந்தை அடைத்தால் முகம் வீங்கினாற்போல் இருக்கும்.

தொங்குகிற தோலை நிரப்பிச் சரிசெய்ய முடியாது. பாம்படம் போட்டு வளர்ந்த ஆச்சிகளின் காதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அந்தக் காதை ஒட்டத் தைக்கத்தான் முடியும்.

இன்னொன்று, நம் பக்கத்துக்கே உரியது. ஐம்பது தாண்டி உதடும் கன்னமும் உள்ளே போனவர்களைப் பார்த்தால் வாயைத் திறக்கச் சொல்வேன். வெற்றிலை, புகையிலை, கவனிக்காத சொத்தை என்று கடைவாய்ப் பல் நாலைந்து போயிருக்கும். பல் கட்டினாலே முகம் பாதி நிமிர்ந்துவிடும். திடீரென்று கன்னம் ஒட்டிப்போனவர்களுக்கு மூன்று மாதச் சர்க்கரை அளவைப் பார்க்காமல் ஊசியை எடுப்பதில்லை. கட்டுக்கடங்காத சர்க்கரையில் உடம்பு வற்றும்போது முகமும் வற்றும்.

இத்தனையும் பார்த்த பிறகுதான் எந்த ஃபில்லர் என்ற பேச்சு. 1981-இல் அமெரிக்காவில் முதலில் அனுமதி பெற்றது மாட்டுக் கொலாஜன். ஒவ்வாமைக்குப் பயந்து முன்கையில் சோதனை ஊசி போட்டுப் பார்த்துவிட்டுத்தான் முகத்தில் போடுவார்கள். 2003-இல் அங்கே ஹயலூரானிக் அமிலம் அனுமதி பெற்றது, அந்தத் தொல்லை போயிற்று. நம் தோலிலேயே இருக்கிற பொருள்தான். சீக்கிரம் கரையாதபடி பிணைத்து ஜெல்லாக்கியிருப்பார்கள். இடத்தையும் ஜெல்லின் கெட்டித்தன்மையையும் பொறுத்து ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வருஷம் வரை நிற்கும். கன்னத்துக்குப் போடுகிற கெட்டி ஜெல்லை உதட்டில் போட்டால் கட்டியாகத் தட்டுப்படும். கண்ணுக்குக் கீழே மேலாகப் போட்டால் நீலம் பாய்ந்த மாதிரி தெரியும். கால்சியம் கலந்தது, கொலாஜனைத் தூண்டுகிற பாலிலாக்டிக் அமிலம் என்று வேறு வகைகளும் உண்டு. முதல் தடவை வருகிறவர்களுக்கு நான் ஹயலூரானிக் அமிலத்தைத் தாண்டுவதில்லை. காரணம் ஒன்றுதான், அதைக் கரைக்க முடியும்.

கரைக்கிற மருந்து ஹயலூரானிடேஸ். கண்புரை ஆபரேஷனில் கண்ணைச் சுற்றி மரத்துப்போகப் போடுகிற ஊசியில் சேர்ப்பார்களே, அதேதான். 1500 யூனிட் குப்பியில் வரும். ஃபில்லர் போடும் இடத்தில் அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஜெல் தவறி ரத்தக்குழாய்க்குள் போனால் தோல் வெளுக்கும், வலி கூடும், பிறகு கருநீல வலை மாதிரி படரும். உடனே கரைத்தால் தோலைக் காப்பாற்றலாம். புருவ நடுவும் மூக்கும்தான் எனக்குப் பயமான இடங்கள். அங்குள்ள குழாய்கள் கண்ணுக்குப் போகும் ரத்தக்குழாயோடு சேருகின்றன. அப்படிப் போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு அழகு நிலையத்தில் ஊசி போட்டுக்கொண்ட பெண் ஒருவர் வந்தார். இடது கன்னத்தில் சுண்டைக்காய் அளவுக்கு மூன்று கட்டி. என்ன மருந்து என்று கேட்டேன். "டப்பாவைக் காட்டலை டாக்டர், பெர்மனென்ட்னு மட்டும் சொன்னாங்க." சிலிக்கானோ வேறெதுவோ, கரைக்க வழியில்லை. மருத்துவம் படிக்காதவர் இந்த ஊசியைத் தொடவே கூடாது. நிரந்தரம் என்ற சொல்லைக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். வயதாக ஆக முகம் மாறும், உள்ளே இருப்பது மாறாது.

சீல் பிரிக்காத டப்பாவை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். லாட் நம்பர் போட்ட ஸ்டிக்கர் உள்ளே இருக்கும், கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பிரின் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கிறவர்களுக்கும் போடுவதில்லை.

விலையைச் சொன்னதும் மைனி முகம் சுருங்கிற்று. ஒரு சிரிஞ்சில் இருப்பது 1 மில்லி, டீஸ்பூனில் ஐந்தில் ஒரு பங்கு. அவர் கணக்குப் போட்டார். "அப்போ ஒண்ணு வாங்கி ஆளுக்குப் பாதியாப் போட்டுக்கிடலாமா டாக்டர்?" ஆடித் தள்ளுபடியில் சேலை எடுக்கிற தொனி. ஒருவர் ரத்தம் பட்ட சிரிஞ்ச் இன்னொருவருக்குக் கூடவே கூடாது, மிச்சமானாலும் குப்பைக்குத்தான் என்றேன். இதை மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"கல்யாணம் என்னைக்கு?" என்று டீச்சரிடம் கேட்டேன்.

"வார வெள்ளிக்கு அடுத்த வெள்ளி."

வீக்கமும் ரத்தக்கட்டும் வடிய இரண்டு வாரம்கூட ஆகலாம். முகூர்த்தத்துக்கு ஒரு மாதமாவது இல்லாமல் நான் போடுவதில்லை. சன்ஸ்கிரீன் மட்டும் எழுதிக் கொடுத்தேன். டீச்சர் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே மைனியிடம் சொன்னார்: "சரி விடுங்க, வளைகாப்புக்குப் போட்டுக்கிடுவோம்."