காய்ச்சலும் பாய்ச்சலும்: ஒரு சொல் மனதில் வேர் பிடிக்கும் விதம்

"வெளிநாட்டு மேற்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வுக்கு ஆயிரம் ஆங்கிலச் சொற்கள் உள்ள பட்டியலை நான்கு முறை படித்துவிட்டேன். படிக்கும்போது எல்லாம் தெரிகிறது, மறுவாரம் பாதி காணோம். வல்லாரை சாப்பிட்டால் சரியாகுமா?" என்று மன்னார்குடியிலிருந்து ஒரு பொறியியல் மாணவி கேட்கிறார்.

வல்லாரை நல்ல கீரை, தாராளமாகத் துவையல் அரைக்கலாம். ஆனால் தேர்வுக் காலத்தில் நினைவாற்றல் டானிக் என்று விற்பதற்கெல்லாம் காசைக் கொட்ட வேண்டாம். கோளாறு அவர் மூளையில் இல்லை, படிக்கும் முறையில் இருக்கிறது.

கற்றதில் பெரும்பகுதி முதல் நாளிலேயே நழுவிவிடும், அதன் பிறகு நழுவும் வேகம் குறையும் என்று ஜெர்மானிய உளவியலாளர் எபிங்காஸ் 1885-லேயே அளந்து காட்டினார். இது பலருக்கும் தெரிந்ததுதான். அதிகம் பேசப்படாதது, அமெரிக்க உளவியலாளர்கள் கார்ப்பிக்கியும் ரோடிகரும் 2008-இல் வெளியிட்ட சோதனை. கல்லூரி மாணவர்களுக்கு 40 சுவாஹிலிச் சொற்களை ஆங்கிலப் பொருளோடு கொடுத்தார்கள். ஒரு சொல்லை ஒருமுறை சரியாகச் சொன்ன பிறகு, சிலர் அதை மீண்டும் மீண்டும் படிக்க மட்டும் செய்தார்கள். வேறு சிலரிடம் அதே சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், கேள்வி தொடர்ந்தவர்களுக்குச் சுமார் 80 சதவீதம் நினைவில் இருந்தது. கேள்வி நின்றுபோனவர்களுக்கு மூன்றில் ஒரு பங்குதான், எவ்வளவு படித்திருந்தாலும். இன்னொரு வியப்பும் உண்டு. எத்தனை சொல் நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, எல்லாக் குழுவினரும் ஏறக்குறைய பாதி என்றே சொல்லியிருந்தார்கள். தனக்குள் நடக்கும் வித்தியாசம் படிப்பவருக்கே தெரிவதில்லை!

ஏன் இப்படி? பொருள் பக்கத்திலேயே எழுதியிருந்தால் மூளைக்குத் தேடும் வேலை இல்லை. 'பார்த்த முகம்' என்ற உணர்வு மட்டும் வரும், அதையே தெரியும் என்று எடுத்துக்கொள்கிறோம். பொருளை மறைத்துவிட்டால், சொல்லின் ஒலி, எழுத்து, முதலில் பார்த்த வாக்கியம் என்று கிடைத்த நுனியைப் பிடித்து மூளை தேடிப்போக வேண்டும். தேடிப்போன பாதையே பலப்படுகிறது. படித்த அடுத்த நிமிடமே கேட்டால் தேட ஒன்றுமில்லை, பலனும் குறைவு. கொஞ்சம் மறக்க விட வேண்டும்.

டெல்டா விவசாயிக்கு இது புதிதல்ல. காய்ச்சலும் பாய்ச்சலும் என்பார்கள். கட்டிய நீர் வற்றி, மண்ணில் மயிரிழை வெடிப்பு தெரியும்போது மடையைத் திறப்பார்கள். எப்போதும் நீர் நிற்கும் வயலைவிட இப்படிக் காயவிட்ட வயலில் வேர் ஆழமாக இறங்கும். வெடிப்பு அகலமாகும்வரை விட்டாலோ பயிர் வாடும். சொல்லுக்கும் அதே கணக்கு.

செய்முறைக்கு நான்கு டப்பாக்களும், முன்பக்கம் சொல்லும் பின்பக்கம் பொருளும் எழுதிய அட்டைகளும் போதும். புது அட்டை முதல் டப்பாவில் சேரும். முதல் டப்பாவின் அட்டையை 1 நாள் கழித்து (நடுவில் ஓர் இரவுத் தூக்கம் அவசியம்), இரண்டாவதை 3 நாள், மூன்றாவதை 7 நாள், நான்காவதை 16 நாள் கழித்து எடுக்க வேண்டும். சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த டப்பாவுக்குப் போகும். தவறினால் எந்த டப்பாவில் இருந்தாலும் முதலாவதுக்கே. வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் அட்டையைத் திருப்ப வேண்டும். 'நுனி நாக்கில் இருந்தது' என்பது தவறுக் கணக்கு. தினம் 20 புதுச் சொற்கள் என்றால் ஆயிரத்துக்கு 50 நாள், கடைசிச் சொல் நான்கு டப்பாவையும் கடக்க மேலும் 27 நாள். தவறுபவற்றையும் சேர்த்து மூன்று மாதம் வைத்துக்கொள்ளுங்கள். பழைய அட்டைகள் நாளுக்கு 80 முதல் 100 வரை வரும். ஒன்றுக்குப் பத்து விநாடி என்றால் கால் மணி நேரச் சொச்சம்தான்.

அட்டையின் முன்பக்கம் தனிச் சொல்லாக இல்லாமல் வாக்கியமாக இருக்கட்டும். எதிர்ச்சொல் கேள்விகளை ஜிஆர்இ-யிலிருந்து 2011-லேயே எடுத்துவிட்டார்கள், இப்போது சொற்கள் வாக்கியத்துக்குள்தான் வருகின்றன. பின்பக்கத்தில் நம் வழக்கையே எழுதுங்கள். 'வேசிலேட்' என்றால் மதில்மேல் பூனையாக இருப்பது. 'அப்ஸீக்வியஸ்' என்றால் கூழைக்கும்பிடு போடுகிற. 'பார்சிமோனியஸ்' என்றால் எச்சில் கையால் காக்கை ஓட்டாத. ஆனால் ஓர் அறிவியல் கோட்பாட்டை அப்படிச் சொன்னால் அது வசையல்ல, குறைந்த அனுமானங்களோடு எளிமையாக இருக்கிறது என்ற பாராட்டு. இரண்டையும் தனித்தனி அட்டையாக்குங்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு இத்தகைய கொக்கிகள் எவ்வளவு உதவுகின்றன என்று அளக்கும் ஆய்வுக்கு நம் பல்கலைக்கழகங்கள் பணம் ஒதுக்க வேண்டும். பெரிய கருவி எதுவும் தேவைப்படாத ஆய்வு அது.

பெரும்பாலோர் சறுக்குவது ஒத்த சொற்களில். அதிகம் பேசாத இயல்பைக் குறிக்கும் லகோனிக், டாசிடர்ன், ரெட்டிசென்ட் மூன்றையும் ஒரே நாளில் புதிதாகப் படித்தால் ஒன்றையொன்று மறைக்கும். வாரத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிடுங்கள். மூன்றும் மூன்றாம் டப்பாவைத் தாண்டிய பிறகு ஒரே அட்டையில் சேர்க்கலாம். அப்படிச் சேர்த்தே ஆகவும் வேண்டும். ஜிஆர்இ-யில், ஆறு சொற்களில் இரண்டைத் தேர்ந்தெடுத்து ஒரே பொருள் தரும் வாக்கியங்களை அமைக்கும் கேள்வியில் ஒன்று மட்டும் சரியானால் பாதி மதிப்பெண்கூடக் கிடையாது.

தேர்வுக்கு முந்தைய வாரம் புது அட்டை எழுத வேண்டாம், முதல் இரண்டு டப்பாக்களில் தங்கிப்போனவற்றை மட்டும் தினமும் எடுங்கள்.