ஆரம்ப சுகாதார நிலையத்துல சுகர் டெஸ்ட்: ஏழை நாடுகளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்றது என்ன?

சுகர் இருக்கா இல்லையான்னு பாக்கவே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் கூலிய விட்டுட்டு போறவங்க உலகத்துல நிறைய பேர் இருக்காங்க, ஆனா அந்த டெஸ்ட் பக்கத்துல இருக்க சின்ன கிளினிக்லயே கிடைக்கணும்னுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. 2018-ல அத்தியாவசிய பரிசோதனைகள் பட்டியல்னு முதல் தடவையா ஒண்ணு வெளியிட்டாங்க (மருந்துக்கு இதே மாதிரி பட்டியல் 1977-லயே வந்துடுச்சு, டெஸ்டுக்கு வர்றதுக்கு நாப்பது வருஷத்துக்கு மேல ஆயிருக்கு). லேப் இல்லாத இடத்துலயும் இருக்க வேண்டிய டெஸ்ட் எதெல்லாம்னு அதுல தனியா பிரிச்சிருக்காங்க, விரல்ல குத்திப் பாக்குற குளுக்கோஸ் டெஸ்ட் அதுல ஒண்ணு.

ஆனா இது சட்டம் கிடையாது. அந்தந்த நாட்டு அரசாங்கம் இதைப் பாத்து தன்னோட பட்டியல் போட்டு பணமும் ஒதுக்கினாத்தான் கிளினிக்ல மெஷின் வரும்.

யாருக்கு எப்படி பாக்கணும்ங்கறது உலக சுகாதார நிறுவனத்தோட 'பென்' (PEN)ங்கற வழிமுறையில இருக்கு, வசதி குறைஞ்ச இடங்களுக்குன்னே 2010-ல கொண்டு வந்து 2020-ல புதுப்பிச்சாங்க. டாக்டர் இல்லாத இடத்துல நர்ஸோ பயிற்சி எடுத்த பணியாளரோ செய்யலாம். 40 வயசுக்கு மேல உடல் எடை கூடுதலா இருக்கவங்க, அடிக்கடி யூரின் போறது, தாகம், காரணமில்லாம எடை குறையறதுன்னு அறிகுறி இருக்கவங்க, இவங்களுக்கு கண்டிப்பா பாக்கணும். வெறும் வயித்துல 126 மில்லிகிராம் அல்லது அதுக்கு மேல இருந்தா சுகர்னு கணக்கு, அறிகுறியோட வந்தவங்களுக்கு சாப்பிட்டிருந்தாலும் இல்லன்னாலும் எப்ப எடுத்தாலும் 200-ஐ தொட்டா சுகர்தான். அறிகுறி எதுவும் இல்லாதவங்களுக்கு ஒரே ஒரு ரீடிங்க வச்சு முடிவு பண்ணக்கூடாது, இன்னொரு நாள் திரும்ப எடுக்கணும்.

இப்ப முக்கியமான பிரச்சனைக்கு வரேன். பல கிளினிக்ல மெஷின் இருக்கும், ரத்தச் சொட்ட வச்சு மெஷின்ல சொருகுற ஸ்ட்ரிப் இருக்காது. ஒவ்வொரு கம்பெனி மெஷினுக்கும் அவங்க ஸ்ட்ரிப் மட்டும்தான் சேரும், யாரோ தானமா குடுத்த மெஷின் வந்து இறங்கிடும், ஸ்ட்ரிப் தீந்ததும் அதே ஸ்ட்ரிப் அந்த நாட்டுலயே கிடைக்காது, மெஷின் அலமாரிக்குப் போயிடும். மெஷின் ஒரு தடவை வாங்குறது, ஸ்ட்ரிப் ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு தடவையும் வேணும், செலவு முழுக்க அங்கதான். திட்டம் போடுறவங்க எத்தனை மெஷின் குடுத்தோம்னு கணக்கு காட்டுறத விட எத்தனை மாசம் ஸ்ட்ரிப் இல்லாம இருந்துச்சுன்னு கணக்கு எடுக்கணும், இத நான் ரொம்ப உறுதியா சொல்வேன். அதோட நிறைய கம்பெனி ஸ்ட்ரிப்ப 30 டிகிரிக்கு மேல வைக்கக்கூடாது, ஃபேன் கூட இல்லாத ரூம்ல டப்பாவ திறந்து வச்சா வெக்கையும் ஈரமும் பட்டு ரீடிங் தப்பா காட்டும். நீங்களும் கைய கழுவி நல்லா துடைச்சிட்டு விரலை நீட்டுங்க, இனிப்பு ஒட்டியிருந்தா அதுவே நம்பர ஏத்திடும்.

மூணு மாச சராசரி சொல்ற ஹெச்பிஏ1சி டெஸ்டும் உண்டு, 6.5 சதவீதமோ அதுக்கு மேலயோ வந்தா சுகர். வெறும் வயித்துல வர வேண்டியதில்ல, அது பெரிய வசதி. ஆனா ரத்தசோகை, சிக்கிள் செல்ங்கற பரம்பரை ரத்த நோய், மலேரியா இதெல்லாம் அதிகமா இருக்க இடத்துல இந்த நம்பர் ஏமாத்திடும், அதனால அங்க குளுக்கோஸ் டெஸ்ட் இல்லாம இத மட்டும் நம்ப முடியாது.

2022-ல உலக சுகாதார சபையில நாடுகள் சேந்து 2030-க்கு இலக்கு வச்சாங்க. சுகர் இருக்கவங்கள்ல 80 சதவீதம் பேருக்கு அது கண்டுபிடிக்கப்பட்டிருக்கணும், கண்டுபிடிச்சவங்கள்ல 80 சதவீதம் பேருக்கு கட்டுப்பாட்டுல இருக்கணும், உடம்புல இன்சுலினே சுரக்காத டைப் 1 சுகர் இருக்கவங்க அத்தனை பேருக்கும் கட்டுப்படியாகற விலையில இன்சுலினும் வீட்டுல தானே டெஸ்ட் பண்ணிக்கற வசதியும் கிடைக்கணும். இந்த கடைசி இலக்குல மட்டும் 100 சதவீதம், ஏன்னா டைப் 1 குழந்தைக்கு இன்சுலின் இல்லன்னா உயிரே போயிடும், டெஸ்ட் பண்ணாம இன்சுலின் போடுறதும் ஆபத்து.

நீங்க கிளினிக் போனா நம்பர மட்டும் கேட்டுட்டு வராதீங்க, தேதி, சாப்பிட்டதா சாப்பிடாததா, மில்லிகிராமா மில்லிமோலான்னு எழுதி வாங்குங்க. சில நாட்டு மெஷின் மில்லிமோல்ல காட்டும், அத 18-ஆல பெருக்கினா மில்லிகிராம் வரும், அதாவது 7-ன்னு காட்டினா அது 126.